சீசன் படுத்தால் சம்பளமும் படுக்குமா?

விடுதித் தொழிலாளர் கேள்வி–பதில்

(கொழும்பு, மாலைதீவு, பாசிக்குடா என்று விடுதிகளில் மேசை துடைப்பதில் தொடங்கி, முகாமையாளராக ஓய்வுபெற்று, இப்போது இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியில் இருக்கும் நமது பத்தியாளர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் நெருக்கடிக் காலத்து வேலையைப் பற்றியவை.)

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு விடுதியில் நான்கு வருடமாக ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். ஆட்கள் வரத்துக் குறைந்ததும் எச்ஆர் அதிகாரி கூப்பிட்டு, "மூன்று மாதம் சம்பளமில்லா லீவில் போக நானே விரும்புகிறேன்" என்று தட்டச்சு செய்த கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் வைத்துவிட்டார்கள். நான் நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அம்மாவின் மருந்து, நுண்கடன் தவணை இரண்டும் என் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. கையெழுத்து வைக்கவா, வேண்டாமா?
— பேத்தாழையிலிருந்து ஒரு வாசகி

பதில்: "நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழும்பி வந்தீர்களே மகள், நல்ல காரியம் செய்தீர்கள். அலுவலக மேசைக்கு முன்னால் நீட்டப்படுகிற எந்தக் கடிதமும் ஒரு இரவாவது நம் வீட்டில் கிடக்க வேண்டும்.

கடிதத்தில் "நானே விரும்புகிறேன்" என்று ஏன் போடுகிறார்கள் தெரியுமா? 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால், ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அதற்குள் வரும். கொழும்புக்கு எழுதி அனுமதி எடுப்பது இழுபடும் வேலை. உங்கள் கையெழுத்து என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதற்காக அந்த அதிகாரியை எதிரியாக்க வேண்டாம். அவருக்கும் மேலிருந்து ஒரு பட்டியல் வந்திருக்கும், அடுத்த பட்டியலில் அவருடைய பெயரே இருக்கலாம். போய் இருந்து பேசுங்கள், தனியே போகாமல் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். "முழு லீவு வேண்டாம், மாதத்தில் பதினைந்து நாள் வேலை தாருங்கள், மற்றப் பதினைந்து நாளை இன்னொருவர் செய்யட்டும்" என்று கேளுங்கள். ஆள் இல்லாத அறைக்கும் வேலை உண்டு. கடற்கரையில் ஓர் அறையை மூன்று மாதம் பூட்டி வைத்தால் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், குழாய் துரு ஏறும், திரைச்சீலை நாறும். இதை எந்த முகாமையாளரும் மறுக்க முடியாது.

2020 மே மாதம், விமான நிலையம் பூட்டிக் கிடந்த காலத்தில், முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் தொழில் அமைச்சும் கூடி, வேலை கொடுக்க முடியாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுப்பது என்று இணங்கினார்கள். அது அந்தக் காலத்து ஏற்பாடு, இன்றைக்குச் சட்டம் என்று காட்ட முடியாது. ஆனாலும் ஒரு கெஸ்ட்கூட நாட்டுக்குள் வராத நாளிலேயே பாதிச் சம்பளம் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை நினைவுபடுத்தலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் பேசிய பிறகும் லீவில்தான் போக வேண்டும் என்றால், கடிதத்தை மாற்றி எழுதக் கேளுங்கள். எந்தத் திகதியில் திரும்ப வேலைக்கு வருவது, லீவுக் காலமும் உங்கள் சேவைக் காலத்தோடு சேருமா, இந்த இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். "இப்போது இராஜினாமாக் கடிதம் தா, சீசன் வந்ததும் புதிதாக எடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் மட்டும் அசையவே அசையாதீர்கள். உங்களுக்கு நான்கு வருடம் முடிந்திருக்கிறது. ஐந்து முடிந்தால், வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடைக்கு உரிமை வந்துவிடும், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடமென்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். நான்காவது வருடத்தில் இராஜினாமா வாங்கி, ஐந்தாவது வருடத்தை "புதிய ஆள்" என்று தொடங்க வைக்கிற வித்தையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி வேறாக 3 சதவீதம். நெருக்கடி வந்தால் பல இடங்களில் சத்தமில்லாமல் முதலில் நிற்பது இதுதான். மட்டக்களப்பு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் அடையாள அட்டையோடு போய்க் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். உங்களோடு கேசுவலாக வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அவர்களுக்கும் ஈபிஎஃப் உண்டு. "கேசுவலுக்கு இல்லை" என்று சொல்லப்படுவது கட்டுக்கதை.

கடன் விஷயம். தவணை தவறிய பிறகு போவதை விட, தவற முன்பே போவது நல்லது. இந்த மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லி, மாற்றிய தவணையை எழுத்தில் வாங்குங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் எடுக்காதீர்கள். நம் ஊர்ப் பெண்கள் அந்தச் சுழியில் விழுந்து பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

*

கேள்வி: அறுகம்பேயில் எட்டு அறையும் ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறேன். ஏழு பொடியன்மார் வேலை. 2024 ஒக்டோபரில், இங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்ட அன்று, பின்னேரத்துக்குள் பாதிப் புக்கிங் போய்விட்டது. பொடியன்மார் பயப்படுவார்கள் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு முதலே பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்லாமலே ஊருக்குப் போய்விட்டார்கள், இன்னும் மனக்கசப்பு. இனி இப்படி ஒன்று வந்தால் என்ன சொல்வது, எப்போது சொல்வது?
— பொத்துவிலிலிருந்து ஒரு கடை உரிமையாளர்

பதில்: நானா, அன்றைக்கே சொல்ல வேண்டும். அதே நாள், பொழுது படுவதற்குள். நீங்கள் வாய் திறக்காவிட்டால், "முதலாளி கடையை விற்கப் போகிறார்" என்பது வரை கதை வளர்ந்துவிடும்.

என்ன சொல்வது? ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். "எட்டில் ஐந்து அறை போய்விட்டது. கையில் இருக்கிற காசுக்கு இந்த மாதச் சம்பளம் எல்லாருக்கும் நிச்சயம். அடுத்த மாதம் எனக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து திரும்பப் பேசுவோம்." இவ்வளவும் சொன்னால் போதும். "தெரியாது" என்று முதலாளி சொல்வதைக் கேட்டு எந்தப் பொடியனும் ஓடுவதில்லை. தெரியாததை மறைக்கிறார் என்று பட்டால்தான் ஓடுவான். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை பேச வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

நம் தொழிலில் இது ஒருமுறை வந்து போகிற விஷயமில்லை. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த 2019இல் 19 இலட்சம். 2020இல் 5 இலட்சம், அதுவும் அநேகமாக எல்லாரும் மார்ச் நடுப்பகுதிக்கு முன் வந்தவர்கள். 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. பிறகு மெதுவாக ஏறி 2024இல்தான் 20 இலட்சத்தைத் தாண்டியது. விழுந்தது எல்லாம் ஒரே நாளில், எழும்பினது வருடக்கணக்கில். ஆகவே மே தொடக்கம் செப்டெம்பர் வரை, அலைச்சறுக்குக்கு அலை நன்றாக அடிக்கிற மாதங்களில் ஒவ்வொரு வாரமும் ஒரு தொகையை வேறு கணக்கில் போடுங்கள். அது பொடியன்மாருக்குத் தெரிந்த கணக்காக இருக்கட்டும். மூன்று மாத அடிப்படைச் சம்பளம் அதில் சேர்ந்துவிட்டால் எச்சரிக்கை வந்த அன்று உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

ஒக்டோபர் கடைசி என்பது எப்படியும் உங்கள் சீசன் முடிகிற காலம்தானே. மழை தொடங்கினால் பொத்துவில், கோமாரிப் பக்கம் வயல் வேலை தொடங்கும். போக விரும்புகிறவனைப் போக விடுங்கள், திரும்பி வருகிற மாதத்தைப் பேசி, கையில் கொஞ்சம் முற்பணம் கொடுத்து விடுங்கள். நிற்கிறவனுக்கு அலைச்சறுக்குப் பலகை ஒட்டுகிற வேலை, வர்ணம் பூசுகிற வேலை, கூரை மாற்றுகிற வேலை இருக்கும். ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள், அது வேலைக்காரரின் சாப்பாடு. ஆள் குறைந்ததும் முதலாளிமார் கை வைக்கிற முதல் இடம் அந்தச் சட்டிதான். மீன் துண்டு சின்னதான அன்றைக்கே ஏழு பேருக்கும் விளங்கிவிடும்.

இன்னொன்று நீங்கள் எழுதாதது, ஆனால் அந்த ஒக்டோபரில் உங்கள் பொடியன்மாருக்கு இருந்திருக்கும். எச்சரிக்கை வந்ததும் ஊர் முழுக்கப் பொலிஸும் சோதனைச் சாவடியும். தங்களையே சந்தேகமாகப் பார்க்கிறார்களோ என்ற நினைப்பு ஒரு முஸ்லிம் பொடியனுக்கு எப்படி இருக்கும் என்று 2019 ஏப்ரலுக்குப் பிறகு பார்த்தவன் நான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்தக் கிழமை, எங்கள் விடுதியில் ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள், அந்தத் தேவாலயத்தில் சொந்தக்காரரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே சமையலறை. வாயிலில் பையைச் சோதிப்பது என்றால் முகாமையாளரான என் பையில் தொடங்கி எல்லாருடைய பையையும் சோதிப்பது என்று வைத்தோம். யாரையும் வேறு பகுதிக்கு மாற்றவில்லை. பேச்சு வார்த்தை சில நாள் இல்லாமல் இருந்தது, கட்டாயப்படுத்திக் கட்டிப்பிடிக்க வைக்கவும் இல்லை. வேலை பழையபடி நடந்தது, பேச்சு பிறகு தானாக வந்தது.

போன அந்த இரண்டு பொடியன்மாருக்கும் ஒரு கோல் எடுங்கள் நானா. ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம். மிச்சச் சம்பளம் ஏதும் இருந்தால் அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

*

கேள்வி: என் கணவர் பாசிக்குடாவில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. ஊர் நாவலடி. 2004 சுனாமியில் தாயையும் தங்கச்சியையும் இழந்தவர், அப்போது சின்னப் பொடியன். அதைப் பற்றி என்னிடம்கூடப் பேசியதில்லை. டித்வா புயலின்போது வீட்டுக்கு வர வழியில்லாமல் விடுதியிலேயே நின்று, தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார். முகாமையாளர் எல்லார் முன்னிலும் பாராட்டினாராம். அதற்குப் பிறகு நித்திரை இல்லை. மழை இரைந்தால் எழும்பி வாசலில் நிற்கிறார். குடி கூடிவிட்டது. கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். கோயிலில் நூல் கட்டினோம். நான் என்ன செய்வது?
— திருச்செந்தூர், கல்லடியிலிருந்து ஒரு மனைவி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லச் சமையலறை ஒருவனைப் பழக்கி எடுத்துவிடும். கை வெட்டினால் பிளாஸ்டர் சுற்றி, மேலே கையுறை போட்டு, அடுத்த ஓடரைப் போடு என்பதுதான் அங்கே பாடம். அந்தப் புயலிரவு உங்கள் கணவர் சமைத்தது வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமல்ல, தன் பயத்தையும் ஒரு பக்கம் அடக்கி வைத்துக்கொண்டுதான் சமைத்தார். பாராட்டினார்கள், சரி. அன்று இரவு "உன் வீட்டுக்குக் கோல் எடுத்தாயா?" என்று யாராவது கேட்டார்களா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பயங்கரமான ஒன்றுக்குப் பிறகு சில கிழமை நித்திரை வராமல் இருப்பதும் திடுக்கிடுவதும் எவருக்கும் நடக்கும், பெரும்பாலும் தானே அடங்கும். ஒரு மாதத்தைத் தாண்டியும் அடங்காமல், குடியும் சேர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். உங்கள் கணவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. "மனநலம்" என்ற சொல்லுக்கு அவர் முறுகுவார். "நித்திரை இல்லாததுக்கு மருந்து எடுத்து வருவோம்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. போக மறுத்தால் 1926க்கு நீங்களே எடுத்துப் பேசலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.

குடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நாளும் நிறையக் குடிக்கிறவர் என்றால், சண்டை பிடித்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். வைத்தியரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். சாவைப் பற்றி எப்போதாவது பேசினால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்துப் போத்தல் இருந்தால் இன்றைக்கே எடுத்து வேறு வீட்டில் கொடுங்கள்.

சுனாமியைப் பற்றிப் பேசு, பேசினால்தான் ஆறும் என்று நெருக்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து, பிள்ளைகளை வட்டமாக இருத்தி அலையைப் படம் வரையச் சொன்னார்கள். நடந்ததை ஒரே இருப்பில் வற்புறுத்திச் சொல்ல வைப்பது பலன் தருவதில்லை என்பது இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அவராகச் சொல்ல வந்தால் கேளுங்கள், வராவிட்டால் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். வாசலில் நிற்கிற இரவில் "வந்து படுங்கள்" என்று கூப்பிடுவதற்குப் பதில் நீங்களும் போய்ச் சற்று நேரம் நின்றால் என்ன? கோயிலையும் நிறுத்த வேண்டாம். நூல் கட்டினதோடு வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கும் கூட்டிப் போங்கள். கிளினிக் திகதியை மட்டும் நேர்த்திக்கடனுக்காகத் தவற விடக் கூடாது.

இனி வேலைத்தளம். அவருடைய தலைமைச் செஃப்பிடம் அவரோ, அவர் ஒத்துக்கொண்டால் நீங்களோ பேசலாம். முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. "கார்த்திகை தொடங்கித் தை வரை இரவில் தங்க வேண்டிய டூட்டி போடாதீர்கள், பகல் டூட்டி தாருங்கள்" என்று கேட்டால் போதும். முப்பது கிலோமீற்றருக்கு மேல் போய் வர வேண்டிய ஆளுக்கு மாரிகாலத்தில் இப்படிக் கேட்க வேறு காரணமே தேவையில்லை.

இதை வாசிக்கிற முகாமையாளர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று. நம் கரையில் வேலைக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் 2004ஐப் பார்த்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராப் பக்கம் நில நடுக்கம் வந்து சுனாமி எச்சரிக்கை விட்டபோது, கெஸ்ட்களை மேட்டுப் பக்கம் ஏற்றி அனுப்பிக்கொண்டே கை நடுங்கிய பிள்ளைகளை நான் கண்டேன். அதற்குப் பிறகு நான் இருந்த இடத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். எச்சரிக்கை வந்தால் முதல் பத்து நிமிடம் ஊழியர் வீட்டுக்குக் கோல் எடுப்பதற்கு, பகுதி பகுதியாக. வீட்டுக்காரர் எங்கே என்று தெரிந்த ஆள், தெரியாத ஆளை விட இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்வான். சின்னப் பிள்ளை அல்லது நடக்க முடியாத பெற்றோர் வீட்டில் இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் மாரி தொடங்க முன்பே தயாராக இருந்தால் அவர்களை முதலில் அனுப்பலாம். ஒரு தாளும் பேனையும் போதும், செலவு ஒன்றும் இல்லை.

*

கேள்வி: ஊழியரின் மனவலிமைக்காக வெளியிலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி வைக்க எங்கள் நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. என்ன தலைப்பில் பேசச் சொல்லலாம்?
— ஒரு விடுதியின் எச்ஆர் அதிகாரி, கல்குடா

பதில்: தலைப்புக்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள் தம்பி. இரவு பதினொன்றரைக்கு ஸ்டாஃப் குவாட்டர்ஸுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை மின்விசிறி சுற்றுகிறது, பெண்பிள்ளைகளின் குளியலறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா. அந்தக் காசு அங்கே போகட்டும்.

பிறகு ரோஸ்டர், அதாவது வேலை நேரப் பட்டியல். காலை ஆறு தொடக்கம் பத்து, திரும்ப மாலை ஆறு தொடக்கம் பத்து என்று பிரேக் ஷிஃப்ட் போட்டால் தாளில் எட்டு மணி நேரம்தான். ஆனால் அந்த ஆளுக்கு நாள் முழுக்கப் போய்விட்டது, இடையில் வீட்டுக்குப் போய் வரவும் முடியாது. அடுத்த நாள் ரோஸ்டரை முந்தின இரவு வாட்ஸ்அப்பில் போடுகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி ஒரு கிழமைக்கு முன் ஒட்டுங்கள். வேலைக் களைப்பில் ஆள் கருகிப் போவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. நோய் இல்லையென்றால் மருந்து ஊழியருக்கல்ல, ரோஸ்டர் போடுகிற கைக்கு.

2022 பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு, பெற்றோலுக்கு விடிய விடிய வரிசை, காஸ் இல்லை. பாசிக்குடாவில் விறகடுப்பில் சோறு வைத்தோம். அந்த நேரம் பிள்ளைகளைப் பிடித்து வைத்தது எது? சில இடங்களில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள், சில இடங்களில் கிழமைக்கு இரண்டு கிலோ பருப்பும் ஐந்து கிலோ அரிசியும் கொடுத்தார்கள். ஆளை நிறுத்தியது அந்த அரிசிதான். பேச்சாளர் ஒருவரும் அப்போது வரவில்லை, வரவும் பெற்றோல் இல்லை.

பணத்தைப் பேச்சாளருக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னால், மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் உளவியல் முதலுதவி பழக்கச் சொல்லுங்கள். கலங்கி நிற்கிற ஆளைக் கவனிப்பது, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, தேவையான உதவியோடு சேர்த்து விடுவது, இந்த மூன்றும்தான் அதன் சாரம். வைத்தியராக இருக்கத் தேவையில்லை. அப்புறம், கழுகு நாற்பது வயதில் மலையில் இருந்து தன் அலகை உடைத்துப் புது அலகு வளர்க்கிற கதையைச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. செய்தால் பட்டினியால் செத்துப்போகும்.

*

கேள்வி: வரவேற்பு மேசையில் நிற்கிறேன். கரன்ட் போனாலும், வாகனம் பிந்தினாலும், செய்தியில் ஏதாவது வந்தாலும் ஏச்சு எனக்குத்தான். சிரித்துக்கொண்டே நிற்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளை மேல் எரிந்து விழுகிறேன்.
— ஏறாவூரிலிருந்து ஒரு தாய்

பதில்: நெருக்கடி நேரத்தில் சிரிப்பு தேவையே இல்லை மகள். பயந்திருக்கிற ஆளுக்கு முன்னால் சிரித்தால் அவருக்கு இன்னும் கோபம்தான் வரும். தகவல் கொடுங்கள்: "ஜெனரேற்றர் பத்து நிமிடத்தில் வரும், ஏசி மட்டும் வேலை செய்யாது, ஃபேன் வேலை செய்யும்." முகம் சாதாரணமாக இருந்தால் போதும். குரல் உயர்த்திக் கத்துகிற ஆள் வந்தால் முதல் ஐந்து நிமிடம் உங்களுடையது, பிறகு டூட்டி முகாமையாளர் வந்து பொறுப்பெடுக்க வேண்டும், நீங்கள் பின்னால் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். இதை ஒரு விதியாக எழுதி வைக்கச் சொல்லி பிரீஃபிங்கில் கேளுங்கள். கேட்கிற முதல் ஆள் நீங்களாக இருப்பீர்கள், பயன்படுத்துகிற ஆட்கள் பலர் இருப்பார்கள். தூஷணம் பேசினாலோ கையைப் பிடித்தாலோ ஐந்து நிமிடமும் கிடையாது. உடனே விலகி முகாமையாளரைக் கூப்பிடுங்கள், சம்பவப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதுங்கள். விடுதி மூடி மறைத்தால் பெண்களுக்கான 1938 இலக்கம் இருக்கிறது.

டூட்டி முடிந்து நேரே பஸ் ஏறாமல், உடுப்பு மாற்றி, கூட வேலை செய்கிற ஒருத்தியோடு ஒரு பிளேன்ரீ குடித்து, அன்றைக்கு ஏசினவரை நன்றாக நளினம் அடித்துச் சிரித்துவிட்டுப் போங்கள். நாங்கள் எல்லாம் அப்படித்தான் காலம் தள்ளினோம்.

*

கேள்வி: வயது 24. ஸ்டீவர்ட் வேலை. இரண்டு நெருக்கடி பார்த்துவிட்டேன், சேவிஸ் சார்ஜ் (பில்லில் சேர்த்து ஊழியருக்குப் பங்கிடுகிற காசு) பாதியாகிவிட்டது. மாலைதீவுக்குப் போகலாமா, இல்லை இந்தத் தொழிலையே விடலாமா?
— திருக்கோவிலிலிருந்து ஒருவர்

பதில்: போகலாம். நெருக்கடிக்குப் பயந்து என்றால் மட்டும் யோசியுங்கள் தம்பி, 2020 மார்ச்சில் மாலைதீவும் கதவைப் பூட்டியதுதான், ஜூலை நடுப்பகுதியில்தான் திறந்தது. நம் கரையில் ஆள் குறைவான நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை அங்கே உச்ச சீசன். அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், ஒப்பந்தத்தில் சம்பளம் என்ன, சேவிஸ் சார்ஜ் என்ன, திரும்பி வரும் டிக்கட் யாருடையது என்று பார்க்காமல் ஏற வேண்டாம். உங்களிடம் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருகிற முறை இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போங்கள். இப்போதைய விடுதியிடமிருந்து சேவைக் கடிதத்தைக் கடிதத் தலைப்பில், தொடக்கத் திகதி முடிவுத் திகதியோடு இந்த மாதமே வாங்கி வையுங்கள். விடுதி கைமாறினால் அல்லது மூடினால் பிறகு அதில் கையெழுத்து வைக்க ஆள் இருக்காது.